ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு: நோயாளியிடம் பேசுவது எப்படி?

காலை ஏழரைக்கே ஓபி சீட்டு வரிசை வாசலைத் தாண்டிவிடும். எட்டு மணிக்கு நீங்கள் மேசையில் உட்காரும்போது முன்னால் நிற்கும் அம்மா, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். அன்றைய கூலி போய்விட்டது. ரத்தம் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் மூன்று வருடச் சீட்டுகள், ஒரு எக்ஸ்ரே, ஓரம் வெட்டிய மாத்திரை அட்டைகள். அவருக்கு உங்களிடம் கிடைக்கப்போவது இரண்டு மூன்று நிமிடம்.

நான் 22 வருடமாக அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் புது ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்பிபிஎஸ் படிப்பு முடிந்து பயிற்சிக்கு வரும் டாக்டர்கள், வருகிறார்கள். முதல் வாரம் அவர்கள் முகத்தில் இருக்கும் கனிவு மூன்றாவது மாதம் மங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்டவர்களாக மாறிவிடுவதில்லை. முந்தின ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பத்து பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும், சீஃப் ரவுண்ட்ஸ் வரப்போகிறார். அந்த நேரத்தில் கனிவு தானாக ஊறி வரட்டும் என்று காத்திருந்தால் வராது. கை கழுவுவதைப் போலப் பழக்கமாகியிருந்தால், எவ்வளவு களைப்பிலும் நடந்துவிடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப்பட்ட பழக்கங்கள்தான். நர்சிங் முடித்து வருகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

2019-இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோது, நோயாளியிடம் பேசுவதும் மருத்துவ நெறியும் ‘ஏட்காம்’ என்ற பெயரில் பாடமாகவே வந்துவிட்டன. நான் படித்த காலத்தில் அது கிடையாது. நீங்கள் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். ஆனாலும் வகுப்பறையில் படித்தது நெரிசலான ஓபியில் எப்படி நடக்கும் என்பதை யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டியிருக்கிறது.

நேரம் இல்லையே என்பீர்கள். உண்மைதான். 67 நாடுகளில் ஒரு நோயாளியைப் பார்க்க டாக்டர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று திரட்டிய ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் 48 நொடி. நம் ஓபி எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இங்கே நான் சொல்கிற எதுவும் அந்த மூன்று நிமிடத்துக்கு மேல் கேட்காது, கெட்ட செய்தி சொல்வதைத் தவிர. அதற்கு நேரம் வேண்டும். எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

1. முதலில் ‘நீ’யை விடுங்கள்

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘நாக்கை நீட்டு’ என்பதற்கும் ‘நாக்கை நீட்டுங்க’ என்பதற்கும் நடுவே அரை நொடிகூட இல்லை. ஆனால் ஒரே மேசையில், பேன்ட் சட்டை போட்டவருக்கு ‘சொல்லுங்க சார்’ என்றும், அவருக்குப் பின்னால் நின்ற களையெடுக்கும் அம்மாவுக்கு ‘உனக்கு என்ன?’ என்றும் வாய் தானாகப் பிரித்துப் பேசுகிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் அப்பா தறி நெய்தவர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பிரஷருக்குப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் வயதில் பாதிகூட இருக்காத ஒரு டாக்டர், ‘யோவ், தள்ளி நில்லுய்யா’ என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து மாத்திரைக் கவரைத் தறிக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். அதைப் பிரிக்கவே இல்லை. பிறகு அவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக எங்களால் முடியவில்லை, பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு போன நாள் வரை. மரியாதைக் குறைவு ஒரு மனிதரின் ரத்தக் கொதிப்பு வரைக்கும் போகும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எப்படிக் கூப்பிடுவது? ‘அம்மா’, ‘ஐயா’ இரண்டும் எங்கேயும் பிழையாகாது. வயதைப் பார்த்து அண்ணா, அக்கா, தம்பி. ‘பாட்டி’யைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், வயல் வேலையில் உடம்பு தளர்ந்த ஐம்பது வயதுக்காரரை ‘பாட்டி’ என்றால் முகம் சுருங்கிவிடும். வார்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘பதினாலாம் நம்பர் பெட்’ என்பதைவிட ‘முருகேசன் ஐயா’ என்று சொல்வதற்கு நேரமும் குறைவுதான்.

உங்கள் பெயரையும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் இருந்தார். முற்றிய புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வருகிற பலர் தாங்கள் யார் என்றே சொல்வதில்லை என்பதைக் கவனித்தார். 2013-இல் ‘வணக்கம், என் பெயர்...’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார். 2016-இல் இறந்துவிட்டார், அந்த வாக்கியம் பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்: ‘நான் டாக்டர் இன்னார். இந்த வார்டுல இருக்கேன். நான்தான் உங்களுக்கு ரத்தம் எடுக்கப் போறேன்.’ தங்கைகளுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. உங்களை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு அந்தக் குழப்பம் வராது. மீதிப் பேரிடம் கோபப்படாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2. பேனாவைக் கீழே வையுங்கள்

‘சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் டாக்டரும் நோயாளியும் பேசுவதைப் பதிவு செய்து அளந்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார். விட்டிருந்தால் மணிக்கணக்கில் பேசியிருப்பார்களோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதவரிடம், ‘சரிங்கய்யா, முதல்ல இந்த மூச்சு வாங்குறதைப் பத்திச் சொல்லுங்க, முழங்கால் வலியை அப்புறம் கேக்குறேன்’ என்று சொல்லலாம். சொன்னபடி அப்புறம் கேட்கவும் வேண்டும்.

அவர் நிறுத்தியதும் ஒரே ஒரு சொல்: ‘வேற?’ மருந்து எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, திரைச்சீலை வரை போய், அங்கே திரும்பி நின்று, ‘அப்புறம் டாக்டர்... மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது’ என்பார். காலையில் பஸ் ஏறியதே அதற்காகத்தான். முதுகு வலி என்று சொன்னது, உங்கள் முகத்தைப் படித்துப் பார்ப்பதற்காக.

3. அவர்கள் சொல்லும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறோம். நோயோ தமிழில் பேசுகிறது. இந்தப் படியில் கொஞ்சம் நின்று போகலாம், தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இது.

என் வேலையின் மூன்றாவது வருடம். சர்க்கரை உள்ள ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். ‘நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு டாக்டர், முதுகு வரைக்கும் இழுக்குது’ என்றார். ‘வாயு’ காதில் விழுந்ததும் என் கை தானாக அல்சர் மாத்திரை எழுதிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த ‘முதுகு வரைக்கும்’ எனக்குக் கேட்கவே இல்லை. அன்று ராத்திரி ஆட்டோவில் திரும்பி வந்தார். ஈசிஜி எடுத்தால் பெரிய அட்டாக். பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் அன்று என்னைப் பார்த்து, ‘எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியல டாக்டர்’ என்று வருத்தப்பட்டார். அவர் சரியாகத்தான் சொன்னார். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரியே வரும் என்பதில்லை. வாயு, அஜீரணம், தோள் இழுப்பு, திடீர்க் களைப்பு என்று எந்த வேடத்திலும் வரும். அன்றிலிருந்து ‘வாயு’ என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் கேள்விகள் நான்கு: எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டுங்க, நடந்தா கூடுதா, வேர்த்துச்சா, எவ்வளவு நேரம் இருந்துச்சு? சந்தேகம் துளி இருந்தாலும் ஈசிஜி.

‘மயக்கம்’ இன்னொரு பொறி. நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம்தான், எழுந்ததும் கண் இருட்டுவதும் மயக்கம்தான், வீடே சுற்றுவதும் மயக்கம்தான், வெறுமனே அசதியாக இருப்பதும் சிலருக்கு மயக்கம்தான். இந்த நான்கும் வேறு வேறு. ‘மயக்கம்னா எப்படிம்மா? கீழ விழுந்துட்டீங்களா? இல்ல, தலை கிறுகிறுன்னு வந்துச்சா?’ என்று அவர் சொல்லையே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

கால் ‘மதமதன்னு இருக்கு’ என்றால் உணர்ச்சி குறைகிறது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடக்கிறாரா என்று கேட்டு, பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். ‘மூச்சு வாங்குது’ என்றால், நடக்கும்போதா, படுத்தாலா, ராத்திரி எழுந்து உட்காருகிறாரா, தலைக்கு எத்தனை தலையணை? ‘நாள் தள்ளிப் போயிருக்கு’, ‘வெள்ளை படுது’, ‘நீர்க்கடுப்பு’ போன்றவற்றைக் கூட வந்த மாமியார் முன்னால் ஒரு பெண் சொல்ல மாட்டார். ‘நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, செக் பண்ணணும்’ என்று ஒரு வாக்கியத்தில் அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுங்கள். ஆண் டாக்டர் என்றால் பெண் ஊழியர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். உங்கள் ஊர் எது, வேலைக்கு வந்த மாவட்டம் எது என்பதைப் பொறுத்துச் சொற்கள் மாறும். புரியாத சொல் வந்தால் வார்டில் நெடுநாள் இருக்கும் ஆயாம்மாவைக் கேளுங்கள். எனக்குப் பாதி அகராதியை அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

பிறகு, ‘சூடு’. ‘அந்த மாத்திரை சூடு டாக்டர், நிறுத்திட்டேன்’ என்பதைத் தினமும் கேட்பீர்கள். சிரித்துவிடாதீர்கள். ‘யார் சொன்னா?’ என்று அதட்டவும் வேண்டாம். ‘அப்படியா, என்ன பண்ணுச்சு?’ என்று கேட்டால் விஷயம் வரும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் வயிறு பொருமியிருக்கும், நாலு தடவை வயிற்றால் போயிருக்கும். அது அந்த மருந்துக்கு உள்ளதுதான். சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கச் சொல்லி, கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டினால் பலருக்குச் சரியாகிவிடும். சூடு என்ற சொல்லோடு சண்டை போட்டிருந்தால் இது எதுவும் தெரிய வந்திருக்காது.

4. கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

‘குடிப்பீங்களா?’ என்றால் ‘எப்பவாவது’ என்பதுதான் பதில். ‘கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? ஒரு நாளைக்கு குவார்ட்டரா, ஆஃபா?’ என்று, மாத்திரையைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் கேளுங்கள். இது நல்லொழுக்கப் பாடத்துக்காக இல்லை. தினமும் குடிப்பவர் கால் உடைந்து படுத்தால், நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வலிப்பு வந்து, கட்டிலை விட்டு ஓடுவார். முன்பே தெரிந்தால் தடுக்கலாம். மனைவியின் முன்னால் கேட்டால் பொய் வரும்; தனியாகக் கேளுங்கள்.

நாட்டு மருந்து எடுத்ததையும் இதே போல. ‘வேற எங்கயாவது காட்டினீங்களா, ஏதாவது பொடி, லேகியம் சாப்பிட்டீங்களா? சொன்னா எனக்கு மருந்து குடுக்க வசதியா இருக்கும்.’ திட்டு விழாது என்று தெரிந்தால் கட்டைப்பையிலிருந்து எடுத்தே காட்டுவார்கள்.

5. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள்

அதற்கு ஒரே பதில்தான்: ‘புரிஞ்சுதுங்க.’ டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

ஏடிஎம் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர். சர்க்கரை மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் என்று எழுதியிருந்தோம். இரண்டு முறை சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து விறைத்துக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். ஒழுங்காகத்தான் மாத்திரை போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். உட்காரவைத்து, ‘நேத்து காலைல எழுந்ததிலிருந்து என்னென்ன பண்ணீங்க, வரிசையா சொல்லுங்கய்யா’ என்றேன். அவர் எழுந்தது மதியம் மூன்று மணிக்கு. ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது எட்டு மணிக்கு மாத்திரை. கொண்டுபோன சோற்றைப் பிரிப்பது பன்னிரண்டு மணிக்கு, அதற்கு முன்னால் சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடும் என்று. நாங்கள் எழுதிய ‘ராத்திரி’ எங்கள் ராத்திரி. அவருடைய வாழ்க்கையில் அது இல்லை.

அதனால் முதலில் அவர் நாளைக் கேளுங்கள், பிறகு அதில் மாத்திரையைப் பொருத்துங்கள். சொல்லி முடித்ததும், ‘வீட்டுக்குப் போனதும் டாக்டர் என்ன சொன்னாங்கன்னு வீட்டம்மா கேப்பாங்கல்ல, என்ன சொல்லுவீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எங்கே பிசகுகிறது என்று உடனே தெரியும். பிசகினால் ‘நான் சரியா சொல்லல’ என்று பழியை நீங்கள் எடுத்துக்கொண்டு மறுபடி சொல்லுங்கள்.

காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்பதைச் சீட்டில் 1-0-1 என்று எழுதுவதை எல்லோராலும் படிக்க முடியாது. கவரில் சூரியனும் பிறையும் போட்டுக் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ‘இந்த வெள்ளை மாத்திரை’ என்று நிறத்தை மட்டும் அடையாளம் சொல்லாதீர்கள்; அடுத்த மாதம் கம்பெனி மாறினால் நிறமும் மாறும், அவர் இரண்டையும் போட்டுவிடுவார். 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அங்கே வாங்குவதும் இங்கே வாங்குவதும் ஒன்றேதானா, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பக்க விளைவுகளில் பயமுறுத்தக்கூடியதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். சொல்லாமல் விட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்து அது. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகும். கர்ப்பிணிக்கு அதைச் சொல்ல ஐந்து நொடி போதும்.

6. கையெழுத்து வாங்கும்போது

‘இங்க ஒரு கையெழுத்து போடுங்க’ என்று பேப்பரை நீட்டுவது சம்மதம் ஆகாது. 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், இதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் சொன்ன பிறகுதான் கையெழுத்து. கைநாட்டு வைப்பவருக்கும் இவ்வளவும் உண்டு. அவருக்கு இன்னும் மெதுவாக.

7. கெட்ட செய்தி

இதை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். யூனிட்டில் ஏபியோ (உதவிப் பேராசிரியர்) சீனியர் பிஜியோ (மேற்படிப்பு டாக்டர்) சொல்லப் போகும்போது கூடப் போய் நின்று கவனியுங்கள். ஆனால் ஒரு நாள் ராத்திரி டியூட்டியில், வேறு யாரும் இல்லாதபோது, உங்கள் மடியில் வந்து விழும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலர் 2000-இல் ஆறு படி கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். ‘ஸ்பைக்ஸ்’ என்பார்கள், பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் வார்டில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் இடம். வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். சிஸ்டர் அறையோ, டிரெஸ்ஸிங் அறையோ, கதவு மூடும் இடம் போதும். நீங்களும் உட்காருங்கள். போனை அணைத்து வையுங்கள். நோயாளி யாரைக் கூட வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்து, ‘இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?’ பலருக்குப் பாதி தெரிந்திருக்கும். ‘அந்த நோயாத்தான் இருக்குமோன்னு...’ என்று அவரே தொடங்குவார். ‘எல்லா விவரத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்ட பேசணுமா?’ என்றும் கேளுங்கள். மகனிடம் பேசுங்கள் என்றால், அதுவும் அவர் எடுத்த முடிவு.

பிறகு செய்தி. ‘டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கும்மா. நாம நினைச்ச மாதிரி நல்லபடியா வரல.’ இங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். ‘அது புற்றுநோய்க் கட்டி.’ ‘மாலிக்னன்சி’, ‘குரோத்’ என்று ஒளியாதீர்கள். சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். ஸ்டேஜ், கீமோ, சதவீதம் என்று எதையாவது பேசி நிரப்பத் தோன்றும். அந்த நேரம் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. ‘அழாதீங்க’ என்று சொல்லாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று கட்டாயம் சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். ‘இதைக் கேக்குறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுதும்மா’ என்று சொல்லலாம். கடைசியில் அடுத்த ஒரே ஒரு அடியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: ‘வர்ற திங்கக்கிழமை காலைல பெரிய டாக்டரைப் பார்க்கிறோம். நான் இங்கதான் இருப்பேன்.’

நம் ஊரில் இதற்கு முன்னாலேயே ஒரு கதவு இருக்கிறது. வார்டு வாசலில் மகன் வழிமறிப்பார்: ‘டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க.’ அவர் எதிரி இல்லை. அம்மாவை இழக்கப்போகிற பயத்தில் நிற்பவர். சட்டம் பேசாமல், ‘உங்க பாசம் புரியுது. அம்மாவுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?’ என்று கேளுங்கள். பேசவிட்ட பிறகு, ‘நானா போய் எதையும் திணிக்க மாட்டேன். ஆனா அவங்களே என்னைக் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்த பல வீடுகளில் அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள் என்று அவர் மறைப்பார், அவர் உடைந்துவிடுவார் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். நடுவில் பத்திரம் எழுத வேண்டிய வீடு, பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி, பார்க்க ஆசைப்பட்ட குலதெய்வக் கோயில் எல்லாம் அப்படியே நின்றுபோகும். அந்த நாட்கள் அவருடையவை. மகனுக்கு இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் அவரே, ‘நீங்க கூட இருங்க டாக்டர், நானே சொல்றேன்’ என்பார்.

8. இறப்பைச் சொல்லும்போது

‘சீரியஸா இருக்காங்க’ என்று இறந்த பிறகும் சொல்லி இழுக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகச் சொந்தக்காரர்கள் வெளியே போய் மருந்து வாங்கி ஓடிவருவார்கள். நீங்கள் யார் என்று சொல்லி, இறந்தவருக்கு அவர்கள் என்ன உறவு என்று தெரிந்துகொண்டு, உட்காரவைத்து, ‘நாங்க எல்லாம் செஞ்சு பார்த்தோம். அப்பா இறந்துட்டாங்க’ என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு அங்கேயே இருங்கள், இரண்டு நிமிடம். எம்எல்சி கேஸ், அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்றால், போஸ்ட்மார்ட்டம் ஏன் நடக்கும், உடல் எப்போது கிடைக்கும் என்பதைக் காவலர் சொல்வதற்கு முன்னால் உங்களிடமிருந்து கேட்கட்டும்.

9. கோபமாக வருகிறவர்

தமிழ்நாட்டில் 2008-இலிருந்து மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. அதன் பலகையைக் கேஷுவாலிட்டி வாசலில் பார்த்திருப்பீர்கள். ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், கதவுப் பக்கமாக நில்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் நான் பார்த்த கூச்சல்களில் பெரும்பாலானவை, யாரும் எதுவும் சொல்லாமல் விட்ட நான்காவது ஐந்தாவது மணி நேரத்தில் வெடித்தவை. ‘ரிப்போர்ட் இன்னும் வரல. பதினோரு மணிக்கு நானே வந்து சொல்றேன்’ என்று ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வராவிட்டாலும் போய், ‘இன்னும் வரல, பன்னிரண்டுக்கு வர்றேன்’ என்று சொல்லுங்கள். வார்டில் இதைவிடப் பலன் தந்த எதையும் நான் கண்டதில்லை.

10. யாரைத் திட்டக்கூடாது

மருந்து குடித்துவிட்டு வருகிறவரை. வயிறு கழுவும்போதே ‘ஏன் எங்க உயிரை வாங்குறே?’ என்று கேட்கிற குரலை எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தெளிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ரொம்ப தாங்க முடியாம போச்சா?’ என்று கேளுங்கள். மனநல டாக்டர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது. கையில் 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், எந்த நேரமும் பேசலாம்.

பிரசவ வார்டிலும் அப்படியே. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து என்னென்ன சொல்லப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும், எழுத எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்தின்போது பெண் விரும்பும் ஒருவர் துணை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் சொல்கிறது. அந்தத் துணையை உள்ளே விடுங்கள். யாரும் வர முடியாதபோது, பக்கத்தில் போகிற நீங்கள் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

11. டியூட்டி முடிந்து கிளம்பும்போது

அடுத்து வருகிறவரிடம் கேஸை ஒப்படைக்கும்போது ரத்த அளவுகளோடு ஒரு மனித விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஆறாவது கட்டில் அம்மாவுக்கு இன்னும் ரிசல்ட் தெரியாது, மகள் சாயங்காலம் வர்றாங்க, அப்புறம்தான் பேசணும்.’ இதைச் சொல்லாமல் விட்டதால், ராத்திரி ஊசி போட வந்தவர் வாயிலிருந்து ஒருவர் தன் நோயைத் தெரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அன்று கஷ்டப்பட்ட ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் போங்கள். ‘நான் கிளம்புறேன்மா. ராத்திரிக்கு வேற டாக்டர் வந்திருக்காங்க, உங்களைப் பத்தி எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். காலைல எட்டு மணிக்கு வந்துடுவேன்.’ அவர் ‘சாப்பிட்டீங்களா டாக்டர்?’ என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு, உண்மையிலேயே போய்ச் சாப்பிடுங்கள்.